சிராங்கூன் சாலையில் சோவியத் தலைவரின் மீசை

அன்று சிங்கப்பூரில் இறங்கியவர்கள் நாலு பேர்: நாடகத்தை எழுதி இயக்கும் சேகர், சோவியத் தலைவராக நடிக்கும் அந்தோணி, தலைவரின் மகளாக வரும் ரேவதி, ஒப்பனைக்காரனான நான். மீசை ஒட்டும் பசை மட்டும் வந்து சேரவில்லை. தீப்பிடிக்கும் பொருள் என்று திருச்சி விமான நிலையத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சிதான் நாடகத்துக்கு உயிர். நாட்டையே நடுங்க வைத்த தலைவர் அறைக்குள் விழுந்து கிடப்பார். கதவைத் திறக்கக் காவலாளிக்குப் பயம். ஆள் பற்றாக்குறையால் அந்தக் காவலாளியும் நான்தான். அப்போது மீசை கழன்றால் சபை சிரித்துவிடும். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட்டால் வேறு தொழில் தெரியாது.

காலை 11 மணி. தேக்கா சந்தை அருகே கல்யாண ஒப்பனைச் சாமான் கடை. கடைக்கார பாத்திமா அக்கா பொய் இமை ஒட்டும் பசையை எடுத்து வைத்தார். சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள். பதினாலு வெள்ளி.

"மீசைக்கு நிக்குமாக்கா?"

"பொண்ணுங்க அழுதாலே நிக்குது லா! கொண்டு போங்க. நின்னா காசு குடுங்க, நிக்கலைனா வேணாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மீசையை என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்து பார்த்தேன். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. 12.20க்குத் தே தாரேக் என்ற நுரை பொங்க ஆற்றிய டீ குடித்தேன். ஒரு வெள்ளி அறுபது காசு. ஆவி பட்டதும் மீசையின் இடது பக்கம் தொங்கியது.

"அண்ணே, மீசை இறங்குது," என்றார் டீ ஆற்றியவர். "டீயில விழுந்தா அதுக்குத் தனியா காசு கேக்க மாட்டேன்."

லிட்டில் இந்தியாவிலிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்கு ரயிலில் அரை மணி நேரம். மாலையில் சமூக மன்ற அரங்கின் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. நாடகம் பார்க்க வந்தவர்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவரின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு மீசை ஒட்ட உட்கார்ந்த அந்தோணி, "திருச்சியில இதப் போட்டு வெந்து செத்தேன்டா. ரஷ்யா இங்கதான் இருக்கு!" என்றான்.

ஏழே முக்கால். அந்தோணி விழுந்தான். கன்னம் தரையில் உரசியது. கதவோரம் நின்ற நான் கைப்பிடியைத் தொடாமல் மீசையையே பார்த்தேன். குளிரில் பசை இறுகியிருந்தது, மீசை அசையவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, முன்வரிசைப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத்தனை நாளும் நடிச்சே. இன்னைக்குத்தான்யா காவலாளி மாதிரி பயந்தே," என்று சேகர் என் முதுகில் தட்டினார்.

தேங்காய் எண்ணெய் தடவித்தான் மீசையைப் பிய்க்க முடிந்தது. அந்தோணி அலறியது எனக்கு இனிமையாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம். அக்கா கடை திறப்பது பத்து மணிக்கு. பசை நின்றுவிட்டது, நான் தர வேண்டியது பதினாலு வெள்ளி.