மாணிக்கவேலின் கைக்கும் ஓர் உறை

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட சேலைகளை மடித்து வைப்பது மாணிக்கவேலின் உத்தியோகம். இருபது வருடம் மடித்ததில், உலகில் எதுவும் கோணலாகக் கிடக்கக் கூடாது என்ற கொள்கைக்கு அவருடைய கைகள் வந்துவிட்டிருந்தன. பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோள் துண்டைக்கூடக் கேட்காமல் சரிசெய்வார். கல்யாண வீட்டில் சாப்பிட்ட இலையை அவர் மடித்தால், முந்தானை எந்தப் பக்கம் என்று தேடத் தோன்றும்.

இந்தக் கைகளுக்குத்தான் தடை விழுந்தது.

மகள் அனுவுக்கு ஆறு வயது. பிறந்த சில நாட்களில் மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் வலது கை சோர்ந்துவிட்டது. இடது கை இரண்டு ஆள் வேலை பார்த்தது. மிச்சத்தை மாணிக்கவேல் பார்த்தார். ஆக அனுவுக்கு மொத்தம் மூன்று நல்ல கைகள். நான்காவது எதற்காக உழைக்க வேண்டும்?

சென்னை மருத்துவமனை ஒன்றில் புதிதாக ஒரு சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம். தலையில் தொப்பி, அதற்குள் ஈரப் பஞ்சு, அதன் வழியே இலேசான மின்சாரம். கூடவே, இடது கை குறுக்கே வராதபடி அதற்கு உறை மாட்டிவிட்டு வலது கைக்குப் பயிற்சி. அந்த மூன்று வாரத்துக்குள் வலது கை ஒரே ஒரு வேலையையாவது தானே செய்துவிட வேண்டும் என்று மாணிக்கவேல் காமாட்சி அம்மனிடம் சொல்லி வைத்திருந்தார்.

"தலையில கரண்டா? ஷாக் அடிக்காதாம்மா?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்ளோதாண்ணா," என்றாள் பயிற்சி தரும் நதியா. "கரண்டு சும்மா எழுப்பிவிடும். வேலை பாக்க வேண்டியது கைதான். எவ்ளோ பலன்னு இப்பவே சொல்ல முடியாது."

முதல் பயிற்சி, கைக்குட்டை மடிப்பது. அனுவின் விரல்கள் ஓரத்தைப் பிடித்தன; நழுவவிட்டன; மறுபடி பிடித்தன. மாணிக்கவேலின் கை பாய்ந்தது. ஒரே தட்டு. கைக்குட்டை பெட்டிக்குள் போகத் தயாராக இருந்தது.

"அண்ணா, வைத்தியம் யாருக்கு?"

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் நதியா ஒரு ஜோடி உறையோடு வந்தாள். இரண்டும் அவருக்கு.

"இன்னாம்மா இது, அசிங்கமா இருக்குது. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

"அழுவாம போட்டுக்கோ நைனா," என்றாள் அனு. "எறும்புகூட ஊராது."

அந்த உறைகளுக்குள் பத்து விரல்களும் பட்ட பாடு எந்த மருத்துவ ஏட்டிலும் பதிவாகவில்லை.

கடைசி நாள், பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டு, அனு வலது கையால் ஒரு கைக்குட்டையை மடித்து முடித்தாள். அதைச் சதுரம் என்று சத்தியம் செய்ய முடியாது. மூலைக்கு மூலை பகை. "தொடாத," என்று சொல்லி, அதே கையால், மூன்றாவது முயற்சியில், அப்பாவின் சட்டைப்பையில் செருகினாள்.

மறுநாள் கடையில், கூட வேலை பார்க்கும் உமாபதியின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இன்னாபா மாணிக்கம், உன் பாக்கெட்லயே இப்பிடி ஒரு மடிப்பா? குடு, சரி பண்றேன்."

மாணிக்கவேல் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

"கைய வெச்ச, உனக்கும் உறை வாங்கியாந்துடுவேன்."

மதியம் சாப்பிட வெளியே வந்தபோது வெயிலில் வியர்த்து ஊற்றியது. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.