நாகராசு கை நனைத்த நாள்

செய்தி வந்தபோது நான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். மருமகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்தாள். அவள் நடந்து வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஓசூர்லருந்து, மாமா" என்றாள். என் மனைவி பச்சையம்மாளின் தம்பி நாகராசு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்து, டம்ளரை மகன் கையில் கொடுத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டானாம். இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது. அழுகை மத்தியானம் வந்தது.

நாகராசு ஓசூரில் இருபத்தைந்து வருடம் கம்பெனி வேன் ஓட்டியவன். ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்குவது அவன் வேலை. அவனோடு ஓட்டியவர்கள் அவன் நினைவாக ஒரு சின்ன மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். "நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்க பெரியவரே" என்று கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆள் இல்லை அவன். ஆகவே ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், என் மகள் மஞ்சுளாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன நாள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பையன் வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போனால், பெண் வீட்டார் ஒரு நாள் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வரலாம். இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதிலும் முதலில் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியது பெண்ணின் தாய்மாமன். மஞ்சுளாவுக்குத் தாய்மாமன் நாகராசு.

அதற்கு முந்தின வருடம்தான் எங்களுக்கு ஒரு கெட்ட பெயர் வந்திருந்தது. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு வந்த பிறகு, பையன் பெருங்குடிகாரன் என்று தெரிந்து நாங்கள் விலகிக்கொண்டோம். விலகியது சரி. ஆனால் கல்லாவி சந்தையில் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான்: "அவங்களுக்கு எல போடாதீங்கப்பா, தின்னுட்டு மாறிடுவாங்க." அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரு வரனும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.  மஞ்சுளா சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாள். அதனால் இந்த இடம் கூடி வந்தபோது நான் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்: இந்த முறை ஏதாவது பிசகினால் அந்தப் பெண்ணுக்கு இனி யாரும் வாசல் திறக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை வீடு ஓசூர் தாண்டி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே ஒரு ஊர். பத்தரைக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். நாகராசு கம்பெனியில் கேட்டு வேனையே கொண்டுவந்துவிட்டான். பதினான்கு பேர் ஏறினோம். மஞ்சுளா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஜாக்கிரதை" என்றாள். வண்டியைச் சொன்னாளா, வாயைச் சொன்னாளா, தெரியாது.

முதல் கூத்து ராயக்கோட்டையில். டீ குடிக்க நிறுத்தினோம். திரும்ப ஏறியபோது நீலச் சட்டை போட்ட ஒருவன் கடைசி சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பச்சையம்மாள் வகையறா என்று நினைத்தேன். அவள் என் வகையறா என்று நினைத்தாள். என் அண்ணன் அவன் தோளில் போர்வையே போர்த்திவிட்டார்.

அடுத்தது சானமாவு. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று காட்டிலாகாக்காரர்கள் வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஒரு வாட்சர் எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பெண்கள் மடியில் சீர்த்தட்டு. காலடியில் இரண்டு தார் வாழைப்பழம், ஒரு பலாப்பழம்.

"ஏம்மா, கல்யாணத்துக்குப் போறீங்களா, யானைக்கு விருந்து வெக்கப் போறீங்களா? கண்ணாடிய ஏத்துங்க மொதல்ல!"

சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பட்டுப்புடவையும் பலாப்பழ வாசனையுமாக ஒன்றரை மணி நேரம் கிடந்தோம். பச்சையம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏண்டா நாகா, பெரிய ரோட்டுலயே வந்திருக்கலாம் இல்ல?"

"குறுக்கு வழி அக்கா இது."

"யாருக்குக் குறுக்க?"

"இப்போதைக்கு யானைக்கு" என்றான் அவன்.

ஒருவழியாக விட்டார்கள். ஓசூருக்குள் நுழைந்ததும் நாகராசு என்னோடு பேசிக்கொண்டே ஒரு வளைவில் வண்டியைத் திருப்பி, ஒரு பெரிய கேட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். அது மாப்பிள்ளை வீடு அல்ல, அவன் கம்பெனி. கை பழக்கத்தில் திரும்பிவிட்டது. செக்யூரிட்டிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். "என்ன நாகராசண்ணே, இன்னிக்கு ஷிப்டுக்கு எல்லாரும் மல்லிப்பூ வெச்சிக்கினு வந்துகீறாங்க?" அந்தச் சத்தத்தில் கடைசி சீட்டு நீலச் சட்டை விழித்துக்கொண்டது. எழுந்தான், போர்வையை மடித்து என் அண்ணனிடம் கொடுத்தான், "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.  பிறகு பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நாகராசு மட்டும் சிரிக்கவில்லை. "பாருங்க, ஒரு ஆளு டூட்டிக்கு லேட்டாகாம காப்பாத்தியிருக்கேன்" என்றான்.

அவனிடம் ஒரு கொள்கை உண்டு. அவனோடு ஓட்டியவர்களுக்குத் தெரியும். "வழி தப்புறது தப்பில்ல. தப்பிடுச்சுன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது." எல்லை தாண்டியதும் அவன் அந்தக் கொள்கையைக் கடைப்பிடிக்க ஆரம்பித்தான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. போர்டு எல்லாம் கன்னடம். எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, அவனுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான். எல்லை தாண்டினால் போனில் காசு பறந்துவிடும் என்று எல்லோர் போனையும் முன்பே அணைக்கச் சொல்லிவிட்டான். எங்களுக்குத் தெரிந்த அடையாளம் இவ்வளவுதான்: நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டின வீடு.

தொட்டி கிடைத்தது. பந்தல் கிடைத்தது. வாழைமரமும் கிடைத்தது. மணி ஒன்று. வாசலில் நின்றவர்கள் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். "பெரியவரு எங்க?" என்று கேட்டேன். "உங்களத் தேடித்தான் ரோட்டுக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்றார்கள். நாங்கள்தான் அவ்வளவு தாமதமாயிற்றே, நியாயம் என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்த பெண்பிள்ளைகள் சமையல்கட்டில் வேலையாக இருப்பார்கள் என்று பச்சையம்மாள் நினைத்தாள். "ஊட்டா மாடி, ஊட்டா மாடி", சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று வரிசையாக இலை போட்டுவிட்டார்கள். நாகராசு கை கழுவப் பின்பக்கம் போனான். தாய்மாமன் வரட்டும் என்று எல்லோரும் இலை முன்னால் காத்திருந்தார்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டது. சர்க்கரை இறங்கிக் கண் இருட்ட ஆரம்பித்துவிட்டது. யாரும் பார்க்காதபோது இலையிலிருந்த கேசரியில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். அது தொண்டையில் இறங்கும்போதுதான் மாப்பிள்ளையை அழைத்து வந்து கும்பிட வைத்தார்கள். எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்த பையன் விளக்குக் கம்பம்போல உயரம். இவன் என் தோள் உயரம்கூட இல்லை.

பச்சையம்மாள் என் விலாவில் இடித்தாள். "ஏய்யா, இது நம்ம பையன் இல்லியே."

"தலை குனிஞ்சி நிக்கறான்" என்றார் என் அண்ணன்.

"குனிஞ்சா ரெண்டடியா கொறையும்?"

அப்போது நாகராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். பச்சையம்மாள் அவன் காதில் சொன்னாள். அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு நடுவில் நின்று கையைக் கூப்பிக் கன்னடத்தில் ஏதோ சொன்னான். வீடு மாறி வந்துவிட்டோம் என்று. அந்த ஊரில் அன்று நல்ல நாளாம். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பந்தலாம். இவர்கள் எதிர்பார்த்திருந்தது வேறொரு பெண் வீட்டாரை. வாசலில் நின்றவர்கள் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள். பெண் வீட்டாரை முன்பின் பார்த்தவர்கள் எல்லாம் ரோட்டுக்குப் போயிருந்தார்கள்.

எல்லோரும் எழுந்தோம். ஆனால் மூலையில் இருந்த ஒரு கிழவர் என்னை நோக்கி விரலை நீட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "பொண்ணோட அப்பன் ஒரு வாய் போட்டுட்டாரே. நான் பாத்தேன். கை நனைஞ்சிடுச்சே!"

என் உயிர் என்னிடம் இல்லை. சந்தையில் கேட்ட பேச்சு திரும்பக் காதில் கேட்டது. நாகராசு அசரவில்லை.

"ஐயா, அவரு சுகர் பேஷண்டு. அவரு தின்னது மருந்து. கை நனைக்க வேண்டியது தாய்மாமன். அது நான். நான் இன்னும் எலைக்கே வரல."

கிழவர் யோசித்தார். "அது சரிதான்" என்றார். அந்த நேரம் வாசலில் வேறொரு வேன் வந்து நின்றது. அவர்களுடைய உண்மையான விருந்தாளிகள். என் இலையை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மற்ற இலைகளில் அவர்களை உட்கார வைத்தார்கள்.

இரண்டு தெரு தள்ளிப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா திம்மராயன் வாசலிலேயே நின்றார். வாருங்கள் என்று சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. "அங்க கை நனைச்சிட்டுத்தான வரீங்க?" என்று கேட்டார்.  காலையில் மஞ்சுளா எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் கண்ணில் நின்றது. நாகராசு முன்னால் போய் வலக்கையை அவர் முகத்துக்கு நேராக விரித்தான்.

"தாய்மாமன் கை இது. மோந்து பாருங்க, டீசல் வாசனைதான் வரும். யானை மறிச்சும் வந்தேன், வழி தப்பியும் வந்தேன், இந்தக் கை இங்கதான் நனையணும்னு இருக்கு. எல போடுவீங்களா, இல்ல இப்படியே நிக்கட்டுமா?"

திம்மராயன் அந்தக் கையையே பார்த்தார். "மோந்து வேற பாக்கணுமா" என்று உள்ளிருந்து அவர் மனைவி சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கும் முகம் தளர்ந்தது. நாகராசு முதலில் உட்கார்ந்தான், முதலில் கை வைத்தான். மூன்று முறை சோறு வாங்கினான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நான் மூச்சு விட்டேன். அன்றைக்கு முழுவதும் விடாமல் வைத்திருந்த மூச்சு அது.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு நாகராசு மாதம் ஒரு முறை மஞ்சுளா வீட்டுக்குப் போவான். கறிச்சோற்றுக்குப் போகிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போனபோது நான்கு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். பெற்ற அப்பன் நானே அவ்வளவு நேரம் உட்காரவில்லை. அக்கா மகள்மேல் இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டேன்.

அவன் சாவதற்கு மூன்று நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மத்தியானம். மகனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, "மாமா, கதவச் சாத்து" என்றான். சாத்தினேன்.

"அன்னிக்கு அந்தத் தப்பான வீட்டுல, கை கழுவப் போனேன் இல்ல? சமையல்கட்டுல ஒரு அம்மா தட்டோட நீட்டுச்சு. ரெண்டு வடை தின்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"ஏண்டா இத்தன வருஷம் சொல்லல?"

"பொண்ணு நல்லா இருக்குதான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். மாசாமாசம் பாத்தேன். அப்பறம் அந்தக் கொழந்த தவறிச்சே மாமா. அது என் வடையாலதான்னு தோணிடுச்சு. கைய விரிச்சிக் காட்டிப் பொய் சொன்னேனே."

அந்தப் பிள்ளை தவறியதிலிருந்து ஒன்பது வருடமாக அதைச் சுமந்திருக்கிறான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேய், அதுக்கப்பறம் ஒண்ணு பொறந்து, பள்ளிக்கூடத்துல வாத்தியாரையே கேள்வி கேக்குதே, அது யார் வடையால?"

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். நர்ஸம்மா கதவைத் திறந்து, "இது ஆஸ்பத்திரி, தாத்தா" என்று அதட்டினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி மாமா" என்றான். அவன் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதனால்தான் சாவுச் செய்தி கேட்டு முதலில் எனக்குப் பெருமூச்சு வந்தது.

காரியம் முடிந்த மறு ஞாயிறு நான் தனியாகப் பஸ் ஏறினேன். கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு அத்திப்பள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். மஞ்சுளா கதவைத் திறந்து திகைத்துப்போனாள்.

"என்னப்பா, தனியாவா வந்த? என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல. நல்லா கீறியான்னு பாக்க வந்தேன்."

"நல்லாத்தான் கீறேன். வெயில்ல நிக்காத, உள்ள வா."

நாகராசு போய்க்கொண்டிருந்த அந்த நடையைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கால் இருக்கிற வரை மாதம் ஒரு முறை போவேன். அவன் பயந்துகொண்டே போய்க் கேட்டான். நான் பயமில்லாமல் போய்க் கேட்கிறேன், அவ்வளவுதான்.