தாத்தாவின் கல்லறைக்கு வாரிசு

அம்மா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. எழுபத்தொன்பது வயதில் கேட்ட ஒரே விஷயமும் அவள் செத்த பிறகு நடக்க வேண்டியதாக இருந்தது. தன்னைத் தன் அப்பாவின் கல்லறையிலேயே வைக்க வேண்டும் என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, இதெல்லாம் இப்போது பேசுகிற பேச்சா என்று கத்திவிட்டுத்தான் போனேன். திருப்பதியில் நான் கணக்கு டீச்சர். அன்று போர்டில் போட்ட கணக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

அம்மாவின் அப்பா ஒரு யூதர். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. பைபிளில் வருகிறவர்கள் சித்தூரில் எப்படி என்று சிரிப்பார்கள். அவர் கொச்சிக்காரர். வேலை தேடி வந்து சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தார். அங்கே நர்ஸாக இருந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர் கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இவர் மட்டும் மருந்து பாட்டில்களோடு இங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சித்தூரில் யூதருக்கென்று தனியாக இடம் ஏது? சர்ச் கல்லறையில், மதில் ஓரமாக ஆறடி கொடுத்தார்கள்.

அப்பாவைப் பற்றி அம்மாவுக்கு நினைவிருப்பது சனிக்கிழமைகள் மட்டும்தான். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அவர் மருந்து கலக்க மாட்டார். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருக்கும்போது ஒற்றை ஆளாக டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்வார். மற்ற நாட்களில் பகல் டூட்டி, ராத்திரி டூட்டி என்று வீடு தங்க மாட்டார்.

“வாரத்துல ஒரு நாளுதான் நைனா எனக்கு” என்றாள் அம்மா, அன்று சாயந்திரம். “பக்கத்துல படுத்துக்கினு தூங்கினது விரல் விட்டு எண்ணிடலாம். செத்தப்புறமாவது கூட இருக்கறேனே. அதுக்கு என்னா இப்ப?”

அழுகையாக வந்தது. அடுத்த ஞாயிறு சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அம்மா என்னோடு திருப்பதிக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. அதன் பிறகு அந்தக் கல்லறைப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்த்ததே இல்லை. வெட்கக்கேடுதான். முழங்கால் உயரத்துக்கு வேலிக்காத்தான் முளைத்திருந்தது. கல் மட்டும் நேராக நின்றது. சிலுவை கிடையாது, தெலுங்கு கிடையாது, இங்கிலீஷ் கிடையாது. நான்கு வரி எபிரேய எழுத்து. தாத்தாவின் சிநேகிதர் ஒருவர் கொச்சியிலிருந்து வந்து காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்து உள்ளூர்க் கல்தச்சர் செதுக்கினாராம். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

கல்லறைக் கமிட்டியின் செயலாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“ஸ்தலம் லேது மேடம், எடமே இல்ல” என்றார். “புதுக் குழியே கெடையாது. பழைய கல்லறையத் தெறந்து, அந்தந்தக் குடும்பத்து ஆளுங்கள அதுலயேதான் வெக்கறோம். உங்க அம்மாவையும் தாராளமா வெக்கலாம். ஆனா அவரு உங்க தாத்தாதான்னு ப்ரூஃப் வேணும்.”

அடக்கப் பதிவேட்டைக் கேட்டேன். அந்தக் காலத்துப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். யாரும் உரிமை கேட்காத கல்லறைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். தாத்தாவின் கல்லறையை இதற்கு முன்பே இரண்டு பேர் கேட்டார்களாம். குழி வெட்டுகிறவர்கள்தான் கல்லில் ஏதோ மந்திரம் எழுதியிருக்கிறது என்று பயந்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்களாம்.

“கிறிஸ்மஸ் வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல” என்றார்.

அந்தக் கல்லைப் படிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், பெயர் தெரிந்துவிடும். அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் அவள் அப்பா பெயர் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் முடிந்தது கதை. கணக்கு டீச்சருக்கு இது ஒரு கணக்கா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு நாலு மாசம் என்னை நாயாய் அலைய வைத்தது.

சென்னையில் யூதர்களுக்கு ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கேட் பூட்டியிருந்தது. வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சாவி வைத்திருப்பவரைக் கூட்டி வந்தார். உள்ளே பத்துப் பதினைந்து கற்கள். எல்லாவற்றிலும் அதே எழுத்து. அதுவரை என் தாத்தாவின் கல்லில் மட்டும்தான் அந்த எழுத்தைப் பார்த்திருந்தேன். அவருக்கும் சொந்தபந்தம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. சாவிக்காரருக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை என்றார். வந்துபோன ஒரு கொச்சிக்காரப் பெண்மணியின் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெண்மணி இஸ்ரேலில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை அப்பாவின் கல்லறையைப் பார்க்க எர்ணாகுளம் வருவாராம். நவம்பரில் வந்தார். நான் லீவு போட்டுவிட்டுக் காட்பாடியில் ரயிலேறினேன். கழிவறைப் பக்கத்து சீட். முழங்கால் வலி வேறு. எதற்கு இந்தப் பாடு என்று சேலம் வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

எர்ணாகுளத்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பேசினேன். பெரிய சிரமம் இல்லை. என் போனை வாங்கி, நான் எடுத்திருந்த கல்லின் படத்தைப் பெரிதாக்கி, வலமிருந்து இடமாக விரலை ஓட்டினார். கல்தச்சரின் கைவேலையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். இங்கே மறைந்திருப்பவர் என்று தொடங்கியது. அடுத்து தாத்தாவின் பெயர். சான்றிதழில் இருந்த அதே பெயர். அடுத்து, இன்னாரின் மகன். கடைசியில் அவர் ஆத்மாவுக்கு ஒரு வேண்டுதல். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தேநீர் கொண்டுவந்து வைத்த பிறகுதான், இதெல்லாம் எதற்காக என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“திறக்கக் கூடாது” என்றார்.

எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். யூதரை ஒரு முறை மண்ணில் வைத்துவிட்டால் அந்த மண் அவருடையது. மனைவிக்காகவும் திறக்கக் கூடாது, மகளுக்காகவும் திறக்கக் கூடாது. இடம் இல்லை என்பது ஒரு காரணமே கிடையாது. இன்னொன்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்களுக்குத் தாய்வழிதான். என் பாட்டி கிறிஸ்தவர் என்பதால் அம்மாவை அவர்கள் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஊர் ஊராக அலைந்தது நான். நீங்கள் எல்லாம் கப்பலேறிப் போனீர்களே, அவர் கல்லை வந்து பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“என் அப்பாவும் இங்கே தனியாகத்தான் கிடக்கிறார்” என்றார். “நான் அங்கே நிம்மதியாகத் தூங்குவது ஒரே காரணத்துக்காக. அவரை யாரும் எழுப்ப மாட்டார்கள்.”

திரும்பி வரும்போது ரயிலில் முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவிடம் சொல்லப்போவதில்லை. ப்ரூஃப் பையில் இருக்கிறது. கமிட்டிக்கு இது போதும். கொச்சிக்காரி சொன்னது எனக்கு மட்டும்தானே தெரியும். சித்தூரில் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு இதோடு ஆளை விட்டால் போதும் என்று இருந்தது.

வீட்டில் நுழைந்ததும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். தாத்தாவுடைய அப்பாவின் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் கேட்பதே அதுதான் முதல் முறை. நான்கைந்து தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“வேற என்னா சொன்னாங்க?” என்றாள்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அத்தனையும் கொட்டிவிட்டேன். அவளை அவர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான். அதையாவது மறைத்திருக்கலாம். அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை காபியைக் கொடுத்தபோது, “நைனா சனிக்கிழமைல தூங்கறப்ப எங்கம்மா என்னைக் கிட்டவே விடாது” என்றாள். “பாவம், ஆறு நாளு முழிச்ச மனுசன், எழுப்பாத, எழுப்பாதன்னு சொல்லிக்கினே இருக்கும். நான் வாசப்படியில குந்திக்கினு பார்த்துக்கினே இருப்பேன்.”

அப்படியென்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“கார் ஒண்ணு சொல்லு. சித்தூருக்குப் போவலாம்.”

கமிட்டி அறையில் செயலாளர் அம்மாவை எழுந்து நின்று வரவேற்றார். கொச்சிக் கடிதத்தையும் பள்ளிச் சான்றிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “பர்ஃபெக்ட்” என்றார். உரிமை கோரும் படிவம் தெலுங்கில் அச்சடித்திருந்தது. அவரே நிரப்ப ஆரம்பித்தார். அம்மாவின் பெயர், வாரிசாக என் பெயர், எனக்குப் பிறகு என் மகள் பெயர்.

“இனிமே உங்க குடும்பத்தக் கேக்காம யாரும் கை வெக்க முடியாது” என்றார்.

“இவளும் இவ பொண்ணும் கேட்டாலும் குடுக்கக் கூடாது” என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “உனக்கும் அதுல எடம் கெடையாது, தெரிஞ்சுக்கோ. எனக்குத் திருப்பதி பக்கமே எங்கியாவது பாரு” என்றாள். குரல் உடைந்துவிட்டது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விலக்கினாள்.

செயலாளர் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். இந்தக் கல்லறையில் இனி அடக்கம் செய்யப்பட வேண்டியவர் யார்? சும்மா விடக் கூடாது மேடம், ஒரு பேராவது போடணும், வெறுமையாக இருந்தால் பிற்காலத்தில் யாராவது அவங்க பேரை எழுதிடுவாங்க என்றார்.

அம்மா தன் அப்பாவின் முழுப் பெயரைச் சொன்னாள், அவர் இன்னாரின் மகன் என்பதையும் சேர்த்து.

“அம்மகாரு, அவரு ஏற்கெனவே உள்ளதான் இருக்காரு” என்றார் செயலாளர்.

“ஆமா. அவரேதான்” என்றாள் அம்மா. “அவரு மட்டுந்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் சார் என்றேன்.