ஸ்காட்லாந்துக் குதிரையும் எங்கள் ஏரியும்

பங்குக்கோயில் அலமாரியைத் திறந்தாலே அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறும்; எனக்கு ஸ்காட்லாந்து என்றால் முதலில் அந்த வாசம்தான். யாரோ விட்டுப்போன ஆங்கில நாவல்கள், பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கியவை; பக்கத்துக்குப் பக்கம் மூடுபனி, கல்கோட்டை, ஆளை விழுங்கும் சேற்றுநிலம், பாவாடை கட்டிய வீரர்கள். ஐந்தாவது படிக்கையில் அவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து, பென்னாகரத்துச் சித்திரை வெயிலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே படிப்பேன். "ஏன்டி, வூடே வேகுது, உனக்கு மட்டும் எங்கிருந்துடி குளிரு வருது?" என்பார் அம்மா.

அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் முடிக்கவே முடியவில்லை. அந்த ஊர் ஏரிகளில் ஒரு பேய் உண்டாம். கறுப்புக் குதிரையாகக் கரையேறி, சாதுவாக நின்று, பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொள்ளுமாம். ஏறிய பிள்ளையின் கை பிடரியோடு ஒட்டிக்கொள்ளும், இழுக்க வந்தவர் கையும் ஒட்டிக்கொள்ளும், எல்லாரோடும் அது தண்ணீருக்குள் போய்விடும். பிடரியில் சிக்கிய நீர்ப்பாசிதான் அதன் அடையாளம். கழுத்தில் சிலுவை ஏறினால் அடங்கும். அந்தப் பக்கத்தோடு நாவலை மூடியவள், எங்கள் ஏரியையும் தலை திருப்பாமல் கடக்கப் பழகினேன்.

மார்கழியில் ஒரு காலை, கிறிஸ்துமஸுக்கு அம்மா "கஜ்ஜாயம்" என்னும் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கரண்டியோடு எழுந்தார். "தம்பி எங்கடி? ஏரிப்பக்கம் போயிட்டானா பாரு, ஓடு!" தம்பி அருளுக்கு அப்போது நாலு வயது. பனி இறங்கிக் கரையே தெரியவில்லை. ஏறிப் பார்த்தால், கறுப்புக் குதிரை. பிடரியிலிருந்து நீர் சொட்டியது, அதில் ஆகாயத்தாமரை வேர் சிக்கியிருந்தது, முதுகில் அருள் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன். தொடாவிட்டால் அவன் போய்விடுவான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். குதிரை தண்ணீரை நோக்கி ஓர் அடி வைத்தது. முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த, துணித்துண்டில் சிலுவை தைத்துக் கயிறு கோத்த மாதா உத்தரியத்தைக் கழுத்திலிருந்து பிய்க்காத குறையாகக் கழற்றி, கயிறு அதன் கழுத்தைச் சுற்ற எட்டாமல், தலை தாழ்த்திய குதிரையின் காதில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அருளின் கையை இழுத்தேன். வந்துவிட்டது.

பனிக்குள்ளிருந்து பீடியோடு ஒருவர் வந்தார். பாய் வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்குக் கர்நாடகப் பக்கமிருந்து குதிரை ஓட்டிவந்தவர். ஏரியில் அதைக் குளிப்பாட்டிவிட்டு, கெஞ்சிய பையனை மேலே உட்காரவைத்திருக்கிறார். குதிரையின் காதைப் பார்த்தார். "ஏன் பாப்பா, எங்குதிரையக் கோயில்ல சேத்துட்டயா? அப்படியே பேரும் வச்சு வுட்டுரு." இறக்கிவிட்ட கோபத்தில் அருள் என்னை எட்டி உதைத்து அழுதான்.

"மாதா உத்தரியத்தக் குதிரைக்காடி மாட்டுன?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, அருளின் நனைந்த காலைத் தடவிப் பார்த்தார். "தண்ணி வரைக்கும் போயிருக்கான்" என்றார், வேறு குரலில்.

இப்போது ஸ்காட்லாந்து நாவல்களைக் கைப்பேசியில் படித்துத் தள்ளுகிறேன். எந்தக் கோட்டையும் எந்தக் கொலையும் பயமுறுத்துவதில்லை. அருளுக்குச் சேலத்தில் வேலை. தினமும் தொப்பூர் கணவாயில், பிரேக் பிடிக்காமல் இறங்கும் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய்வருகிறான். பஸ்ஸில் போடா என்றால், "நான் என்ன கொழந்தையாக்கா?" என்கிறான். பாசியைப் பார்த்துப் பேயை அடையாளம் கண்டுகொள்ள முடிந்த காலம் போய்விட்டது. அன்று எவ்வளவு பயந்தாலும் அவன் கை எனக்கு எட்டியது. "தொப்பூர் தாண்டிட்டேன்" என்று அவன் அனுப்பும்வரை சாயங்காலங்களில் நாவலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கம் நகர்வதில்லை.