அக்கா முகத்தில் சில்வர் நைட்ரேட்

கூழ்முட்டை நாற்றம்தான் முதலில் வந்து வரவேற்றது. ஐந்தாம் பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், கெமிஸ்ட்ரி எடுத்த எங்களைப் பள்ளி லேப் அறைக்குள் விடும் முன்பே, ஆறாம் பாரத்து அண்ணன்கள், "உள்ள போனா சட்டை ஓட்டையாகும், விரல் வேகும், புருவம் கருகும், பாஸ் மட்டும் ஆக மாட்டீக" என்று ஆசீர்வதித்திருந்தார்கள். வாத்தியாரோ அதைவிடப் பயங்கரமாக, தணிந்த குரலில், "எதையும் தொடாதே, மோந்து பாக்காதே. தண்ணி மாதிரி தெரியிறதெல்லாம் தண்ணி இல்லே" என்றார். நான் பயந்தாங்கொள்ளி, பயத்தை மறைக்க ஏதாவது கோமாளித்தனம் செய்தே தீரும் வியாதியும் எனக்கு உண்டு.

உப்புத் தண்ணீரில் நாலு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு அதைத் தயிர்போலத் திரியவைத்து அவர் காட்டிய சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்ததும், கழுவிய "இங்க் புட்டி"யில் கொஞ்சம் களவாடிக்கொண்டு எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்கு சைக்கிளை மிதித்தேன். முற்றத்து வெயிலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு வித்தை காட்டுமுன், பூசாரிபோல் வாய்க்கு வந்த மந்திரத்தை முணுமுணுத்து, அவள் முகத்தில் "தீர்த்தம்" தெளித்தேன்.

"ச்சீ, எருமை!" என்று சிரித்தபடி புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை.

வெயில் சாய்வதற்குள் கன்னத்தில் பழுப்பாக நாலைந்து புள்ளிகளும், அவள் துடைத்த இடத்தில் ஓர் இழுப்பும் தெரிந்தன. விளக்கு வைக்கும்போது அவை கறுத்திருந்தன. ஆத்தா சீயக்காய் போட்டுத் தேய்த்ததில் கன்னம் சிவந்ததே தவிர கறுப்பு அசையவில்லை. புதன்கிழமை ஆவுடையார்கோவிலிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"என்னத்தைடா தெளிச்சே?" என்று அக்கா மற்ற யார் காதிலும் விழாமல் என்னிடம் கேட்டாள்.

"தண்ணிதான்க்கா."

அவள் ஆத்தாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை வாத்தியாரிடம், அது முகத்தில் பட்டால் எப்போது போகும் என்று கேட்டேன்.

"தோல் உரிஞ்சாத்தான். பத்துப் பன்னெண்டு நாளாகும். யாரு மூஞ்சிடா?"

"எங்க வீட்டுக் கன்னுக்குட்டி சார்."

"கன்னுக்குட்டியா? அப்ப அவசரமில்லே, போ."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

புதன்கிழமை வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் தாயார் அக்காவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, "இது எத்தனை நாளா இருக்குங்க?" என்றார். "போயி கடுதாசி போடுறோம்ங்க" என்று எழுந்துகொண்டார்கள். அக்கா நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். வகுப்பில் வாய் ஓயாத நான், மூலையிலிருந்த விளக்குமாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் புள்ளிகள் சுவடில்லாமல் போயின. கடுதாசி வரவேயில்லை.

இன்று ஆத்தா இல்லை, அந்த வாத்தியாரும் இல்லை. அந்த அறையையும் இடித்துவிட்டார்கள். அக்காவுக்குப் பிறகு நல்ல இடமாகத்தான் அமைந்தது என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அக்கா சொல்லி நான் கேட்டதில்லை.