கரும்புத் தோட்டத்துப் பாட்டில்களும் பாண்டியம்மாவின் காலும்

பழைய பாட்டில் சேகரிப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, பைத்தியம். கரும்புத் தோட்டங்களை ஒட்டிக் கிடைப்பவை என்றால் சோறு தண்ணீர்கூட வேண்டாம். மார்க்கையன்கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு சர்க்கரைத் தோட்டம் இருந்ததாம். அங்கே காய்ச்சிய ரம்மை அடைத்த பாட்டில்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றனவாம். எங்கள் சேகரிப்பாளர் குழுவில் நண்பர் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். கையில் கரும்பச்சைப் பாட்டில், முகமெல்லாம் சிரிப்பு. அதை நம்பித்தான் போன தை மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மதுரையில் காலை 5.40க்குப் பேருந்து. தேனிக்கு 76 கி.மீ., இரண்டு மணி நேரம், 70 ரூபாய். அங்கே சாப்பிட்டுவிட்டு (பொங்கல் சூடாக இருந்தால் விடாதீர்கள்) கம்பம் பேருந்தில் ஏறி நாற்பது நிமிடத்தில் சின்னமனூர். 25 ரூபாய். அங்கிருந்து ஆட்டோ, காத்திருப்பும் சேர்த்து 400. ஓட்டுநர் ஜமால், உத்தமபாளையத்துக்காரர்.

வீடியோவில் பார்த்த இடத்தில் இறங்கினேன். வாய்க்கால் கரை முழுக்க இடுப்பளவுக் குழிகள். ஒன்றுகூட மூடப்படவில்லை. வாய்க்காலுக்குள் கண்ணாடிச் சில்லுகள் மினுங்கின.

"நீங்களும் பாட்டிலுக்குத்தான் வந்தீகளா?"

வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெண் கேட்டார். பெயர் பாண்டியம்மா. அது அவர் குத்தகைக்கு எடுத்திருக்கும் கரும்பு வயல். வலது பாதத்தில் பெரிய கட்டு.

"நாலு பேரு வந்தாக. கேக்காம கொள்ளாம தோண்டுனாக. நல்லதப் பொறுக்கிட்டு ஒடஞ்சத வாய்க்கால்ல தள்ளிட்டுப் போயிட்டாக. மறுநா தண்ணி பாச்ச எறங்குனேன். ஒம்பது தையல். பெருவெரல் மடங்கவே மாட்டேங்குது. அங்கன கரும்பு வெட்டு நடக்கு, நான் இங்கன குந்தியிருக்கேன்."

வீடியோவைக் காட்டினேன். "இவுகதான்" என்றார்.

அங்கேயே நின்று நண்பரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "செருப்பு போட்டு நடக்கச் சொல்லுங்க சார்" என்று சிரித்தார். அடுத்த நொடியே, "முழுசா எதுவும் கிடைச்சுதா?" என்று கேட்டார். சேற்றில் யாராவது செருப்போடு நின்று தண்ணீர் பாய்ச்சுவார்களா? தொண்டை வலிக்கக் கத்தினேன். அவர் வைத்துவிட்டார்.

"அவுககிட்ட கத்தி என்னண்ணே செய்ய? வண்டில சாக்கு கெடக்கு. எறங்குங்க" என்றார் ஜமால்.

மூன்று மணி நேரம் பொறுக்கினோம். நான்கு சாக்கு சில்லு. கடைசியில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு பாட்டில் முழுசாக வந்தது. தடித்த அடிப்பாகம், பக்கவாட்டில் கரும்புக் கட்டு முத்திரை. பாண்டியம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடிச்சவன் எவனோ. மிதிச்சது நானு."

வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் என் கை நீண்டது. அவர் பாட்டிலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இது என் வயல்ல கெடந்தது." நீட்டிய கையால் மண்வெட்டியை எடுத்தேன். குழிகளை மூடிவிட்டுக் கிளம்பினோம்.

அவர் சம்மதத்தோடு எடுத்த பாதத்தின் படத்தைக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். போகட்டும்.

இதுபோலப் போகிறவர்களுக்கு: வயல்காரரிடம் கேளுங்கள், மாட்டேன் என்றால் திரும்புங்கள். தடித்த கையுறை, இரண்டு சாக்கு, மண்வெட்டி அவசியம். மண்வெட்டி தோண்ட மட்டுமல்ல, மூடவும்தான். சரியான இடத்தைப் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

என் அலமாரியில் முப்பத்தொரு பாட்டில்கள் இருக்கின்றன. ஊர் திரும்பிய அன்று அதன் முன்னால் நின்று, ஒவ்வொன்றையும் எடுத்த குழியை மூடினேனா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டைத்தான் மூடியதாக நினைவிருக்கிறது.