வலப்பக்கம் ஒரு தடவை, அப்புறம் ஓகே

பஞ்சவர்ணத்துக்கு இங்கிலீஷில் படிக்க வருவது ஓகே என்ற ஒன்றுதான். பார்வையில்லாத அவள் கணவர் வேம்புலிக்கோ இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அதே தொழிற்சாலை கேன்டீனில்தான் இவளுக்கு வேலை. இன்றைக்கு எத்தனை சாப்பாடு என்று தினம் காலையில் போனில் சொன்ன குரலுக்கே மனதைப் பறிகொடுத்தாள். கண் தெரியாதவன்தானா கிடைத்தான் என்று திருவேற்காட்டில் சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டபோது, "கண்ணு எனக்குக் கீது, போதும்" என்று சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டியவள்.

திருமுல்லைவாயிலில் அவர்கள் வீட்டில் படம் பார்க்கும் டிஸ்க் பிளேயர், வேம்புலியின் தங்கை மகள் நிஷா ஊருக்கு வந்தபோது இங்கேயே வாங்கிக் கொடுத்தது. அவள் லண்டனில் நர்ஸ். இந்த டிஸ்க் விஷயத்தில் ஓர் அநியாயம் உண்டு, கேளுங்கள். காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடாது, பூட்டுப் போட்டிருப்பார்கள். நிஷா ரிமோட்டில் என்னவோ எண்களைத் தட்டி, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும்படி அந்தப் பூட்டைத் திறந்து வைத்தாள். அவள் லண்டனிலிருந்து அனுப்பும் டிஸ்க்குகளில் பார்வையில்லாதவர்களுக்கென்றே தனியாக ஒரு குரல் உண்டு. யாரும் பேசாத இடமாகப் பார்த்து, அவள் கதவைத் திறக்கிறாள், வெளியே மழை பெய்கிறது என்று ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொண்டே வருவாள்.

ஞாயிறு மூன்று மணிக்குப் படம். வேம்புலி அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் மனைவிக்குச் சொல்வார். வாரம் முழுக்க வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவள் தோளைப் பிடித்து நடக்கிற மனுஷன், அந்த இரண்டு மணி நேரம் இவளைக் கூட்டிக்கொண்டு போவார். அதற்காகவே ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருப்பாள்.

மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனிக்காரர் ரோஹித், பாட்டும் கேட்கலாமே என்று தன் வைஃபையை அந்த பிளேயருக்கு இணைத்துக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். அன்றிலிருந்து பிளேயரைப் போட்டாலே திரையில் நாலு வரி எழுத்து. புது சாஃப்ட்வேர் போடட்டுமா என்று அது கேட்கிறதாம், ரோஹித் படித்துச் சொன்னார். போடவே கூடாது என்று நிஷா மாமாவிடம் போனில் சொல்லியிருந்தாள். அதனால் இவள் எழுத்து வந்திருக்கிறது என்றதும், "ரிமோட்ல வலப்பக்க அம்ப ஒரு தடவ அமுக்கு, அப்புறம் ஓகே" என்பார் வேம்புலி. வேண்டாம் என்று சொல்ல அதுதான் வழி. ஏன் வேண்டாம் என்று இவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

நவம்பரில் ஒரு நாள், தான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷனுக்குக் கைரேகை வைக்க, நண்பர் ஹேமநாதனோடு வேம்புலி போயிருந்தார். பஞ்சவர்ணம் பிளேயரைத் தூசி தட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தாள். அதே எழுத்து. வாராவாரம் அவர் உயிரை வாங்கும் சனியன் ஒரேயடியாக ஒழியட்டும் என்று நேராக ஓகேயை அமுக்கினாள். திரையில் ஒரு கோடு ஊர்ந்து போய் முடிந்தது. அப்புறம் எழுத்தே வரவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின வாரம் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற படம். வீட்டைவிட்டு வந்த ஒருத்தி ரயிலடியில் சூட்கேஸோடு நிற்கிறாள். ஏறுவாளா, மாட்டாளா? ஏழு நாளாக இருவருக்கும் அதே பேச்சு. டிஸ்க்கைப் போட்டால் பிளேயர் வெளியே தள்ளியது. கீறல் விழுந்திருக்கும் என்று வேம்புலி பனியனால் துடைத்துப் போட்டார். மறுபடி தள்ளியது. வேறு டிஸ்க்குக்கும் அதே கதிதான்.

பஞ்சவர்ணத்துக்குத் தான் அமுக்கிய ஓகே ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியாமல் மாடிக்குப் போய் ரோஹித்திடம் கேட்டாள். புது சாஃப்ட்வேர் பழையபடி பூட்டிவிட்டது, நிஷாவின் எண்கள் இனிமேல் செல்லாது, திரும்ப மாற்ற வழியில்லை என்றார். அந்தப் படம் அந்தக் குரலோடு வேறெங்காவது கிடைக்குமா என்று அவரும் தேடிப் பார்த்துக் கையை விரித்தார்.

அடுத்த ஞாயிறும் வேம்புலி டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். மூன்றாவது ஞாயிறு இவளால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க அமுக்கிட்டேன். நேரா ஓகே" என்றாள்.

அவர் டிஸ்க்கை உறையில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த வாரம் முழுக்கக் கேட்டதற்கு மட்டும் பதில். சோறு போடட்டுமா, போடு, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, பழக்க தோஷம், இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். பிளேயரைப் போடவே இல்லை. வேம்புலிதான் முதலில் கேட்டார்.

"ரயிலடில நின்னாளே, அவ மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

முப்பது படம் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவர் இவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"ஊட்ட உட்டு ஓடியாந்தவ மாதிரி இல்லீங்க. அடுப்ப அணைச்சமா இல்லியான்னு ரோசன பண்ணிகினு நிக்கிறவ மாதிரி இருந்துச்சு."

வேம்புலி நிமிர்ந்து உட்கார்ந்தார். சூட்கேஸோடு நிற்கிறாள் என்று மட்டும்தானே அந்த வெள்ளைக்காரி சொன்னாள் என்றார். தாடையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ ஏறியிருக்க மாட்டா."

"மாட்டா" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்லேர்ந்து சொல்லு. இன்னா இன்னா பாத்த?"